மகனின் அப்ரண்டிஸ் வேலை போய்விட்டது, இன்னும் 13 மாதம் மிச்சம். என்ன செய்யலாம்?

நிலாமதி (ஹரோ, இங்கிலாந்து) | ஞாயிறு இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்றைக்கு வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 19 வயது. படித்துக்கொண்டே இருக்கப் பிடிக்கவில்லை, கைத்தொழில்தான் வேண்டும் என்று 17 வயதில் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். சொந்தக்காரர் எல்லோரும் யூனிவர்சிட்டிக்கு அனுப்பாமல் இதென்ன என்று கேட்டார்கள். அவனுக்கு விருப்பமானதை அவன் செய்யட்டும் என்று நானும் இவரும் விட்டுவிட்டோம். நாலு நாள் வேலைத்தலம், ஒரு நாள் கல்லூரி. இதுவரை ஒரு நாள்கூட அவனை நான் எழுப்பி அனுப்பியதில்லை. விடிய ஐந்தரைக்குத் தானே எழும்பித் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு யார்டுக்குப் போனவன் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தான். கேற்றில் புதுப் பூட்டாம். கம்பனி முறிந்துவிட்டது, கணக்காளர் நிறுவனம் ஒன்று பொறுப்பெடுத்துவிட்டது என்று ஒரு கடிதம் ஒட்டியிருந்ததாம். 14 பேருக்கும் வேலை இல்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். அந்தப் பெட்டி இன்றைக்கும் வாசலடியில் அப்படியே இருக்கிறது. அவனும் எடுக்கவில்லை, எனக்கும் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

42 மாதப் பயிற்சியில் 29 மாதம் முடித்துவிட்டான். முதலாளி இல்லாவிட்டால் அப்ரண்டிஸ்ஷிப் இல்லை என்று அவனுடைய கூட்டாளி ஒருவன் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் இந்த 29 மாதமும் போனதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயல் (ரெடிங்) | ஞாயிறு இரவு 11.20

அக்கா, முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கெடு இருக்கிறது. நான் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

கம்பெனி திவாலானால் பாக்கிச் சம்பளத்தை அரசின் இன்சால்வென்சி சர்வீஸ் கொடுக்கும். பொறுப்பெடுத்த நிறுவனம் தம்பிக்கு ஒரு கேஸ் நம்பர் தர வேண்டும். அது கைக்கு வந்ததும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நின்றுபோன சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், நோட்டீஸ் காலப் பணம் மூன்றையும் கேட்கலாம். இரண்டு வருடம் முடிந்துவிட்டதால் ஆட்குறைப்பு இழப்பீடும் உண்டு. 22 வயதுக்குக் கீழே என்றால் ஒரு முழு வருடத்துக்கு அரை வாரச் சம்பளம் என்று கணக்கு. ஆக மொத்தம் ஒரு வாரச் சம்பளம். சின்னத் தொகைதான், ஆனாலும் அவனுடைய உழைப்பு, விடாதீர்கள். நோட்டீஸ் பணம் இரண்டு வாரத்துக்கு வரும்.

சின்னப் பையன்தானே, அப்ரண்டிஸ்தானே என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்ரண்டிஸும் தொழிலாளிதான். பேஸ்லிப், ஒப்பந்தம், பி60 (வருடச் சம்பள, வரிக் கணக்குத் தாள்) எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

படிப்பு பற்றி மாறன் சார் வந்து சொல்வார், அவர் அந்தத் துறையிலேயே இருக்கிறார்.

மாறன் (லூட்டன்) | திங்கள் காலை 6.40

நிலாமதி அம்மா, 29 மாதமும் போகவில்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கல்லூரியில் எலக்ட்ரிக்கல் அசெஸ்ஸராக, அதாவது அப்ரண்டிஸ்களின் வேலையை மதிப்பிடுபவனாக, இருக்கிறேன். எங்களிடமும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வந்து நிற்பார்கள்.

இங்கிலாந்து விதி இது. வேலை போன நாளன்று பயிற்சிக் காலம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அல்லது 75 விழுக்காடு முடிந்திருந்தால், மிச்சப் பயிற்சிக்கும் கடைசித் தேர்வுக்கும் அரசே முழுப் பணம் கொடுக்கும். முதலாளி இல்லாமலேயே முடிக்கலாம். அந்த 75 விழுக்காடு என்பது கோவிட் சமயத்தில், 2020 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்னால் ஆறு மாதக் கணக்கு மட்டும்தான்.

இனி உங்கள் மகன் கணக்கு. 42 மாதத்தில் 75 விழுக்காடு என்றால் முப்பத்தொன்றரை மாதம். அவன் முடித்தது 29. இரண்டரை மாதம் குறைகிறது. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நாளைக்குக் கல்லூரியில் கேட்டு அதிர்வதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு 12 வாரம் உண்டு. அந்த 12 வாரமும் கல்லூரி அவனைப் பதிவிலிருந்து நீக்காமல் பாடம் நடத்தலாம், அதற்கு அரசு பணம் கொடுக்கும். அதற்குள் புது முதலாளி கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலாளி தேடுவதில் உதவுவது கல்லூரியின் கடமையும்கூட. அதைத் தயவாகக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள்.

ஆகவே இன்று காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்கு போன் போடுங்கள். போனோடு நிறுத்தாமல், எந்தத் தேதியில் வேலை போனது என்று மின்னஞ்சலும் அனுப்புங்கள். 12 வாரம் அந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளான அப்ரண்டிஸ்களுக்கென்று அரசின் தனி உதவிச் சேவையும் 2020இல் தொடங்கியிருக்கிறார்கள், அதிலும் பெயரைப் பதியுங்கள்.

இன்னொன்று. அவனுடைய போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளுக்கான ஆதாரத் தொகுப்பு, எந்த நிலையில் இருக்கிறது? வேலைத்தலப் படங்கள், டெஸ்ட் ஷீட், மேற்பார்வையாளர் கையெழுத்து? அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நிலாமதி | திங்கள் மதியம் 1.15

மாறன் அண்ணா, கயல் தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. கல்லூரியோடு கதைத்துவிட்டேன். 12 வாரம் உண்டு என்று அவர்களும் சொன்னார்கள். நீங்கள் முதலே சொல்லியிருந்தபடியால் எனக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தது.

ஆனால் ஒரு இடி. படங்கள் எல்லாம் கம்பனி டப்லெட்டில் இருந்தனவாம். அந்த டப்லெட் பூட்டிய யார்டுக்குள்ளே. கடைசியாகக் கல்லூரித் தளத்தில் ஏற்றி எட்டு மாதம் ஆகிறதாம். பிறகு செய்யலாம், பிறகு செய்யலாம் என்று விட்டிருக்கிறான். இப்போது அறையை விட்டு வெளியே வருகிறான் இல்லை.

ஈசன் (குரொய்டன்) | திங்கள் இரவு 9.05

தங்கச்சி, பிள்ளையை ஏச வேண்டாம். எட்டு மாதம் ஏற்றாமல் விடாத அப்ரண்டிஸை நான் இன்னும் காணவில்லை. நான் 22 வருடமாக இந்த வேலை. ஆறு பேரோடு சின்னக் கம்பனி ஒன்று வைத்திருக்கிறேன்.

படத்துக்கு வழி இருக்கிறது. எந்தச் சைற்றிலும் வாட்ஸப் குழு ஒன்று இருக்கும். போர்ட் கட்டி முடித்தால், கேபிள் ட்ரே போட்டால், ஏதும் பிழைத்தால் எல்லாத்துக்கும் படம் எடுத்து அதில்தான் போடுவார்கள். மகனின் போனில் அந்தக் குழு இன்னும் இருக்கும். யாரும் குழுவைக் கலைக்க முதல் கெதியாக எல்லாப் படத்தையும் இறக்கச் சொல்லுங்கள். திகதியோடு இருக்கும், அதுதான் முக்கியம்.

அடுத்தது, அவனோடு நின்று வேலை காட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் யார்? அந்த மனிசனைப் பிடியுங்கள். அவருக்கும் வேலை போயிருக்கும், இரண்டு கிழமையில் வேறு ஊரில் வேறு சைற்றுக்குப் போய்விடுவார். போக முதல் இந்த இந்த வேலையை இவன் என் கண் முன்னால் செய்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாட்சி இல்லாத வேலையைச் செய்த வேலையாக ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

இனி ஒரு முதலாளியாக என் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என் போன்ற ஆட்களிடம்தான் போகப் போகிறீர்கள். மூன்றாம் வருடப் பிள்ளை என்றால் எனக்கு ஆசைதான். முதல் வருடப் பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறதிலிருந்து சொல்ல வேண்டும், இவனுக்கு வேண்டாம். ஆனால் சம்பளமும் கூட. அடுத்தவர் பழக்கின பிள்ளை எப்படி இருப்பானோ என்ற பயமும் இருக்கும். அதோடு கடதாசி வேலை. பாதியில் வந்தவனை எடுக்கப் புது முதலாளி என்னென்ன நிரப்ப வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தருவதில்லை. கல்லூரியே அதைப் பார்க்கும் என்று முதல் வசனத்திலேயே சொன்னால் பாதிப் பேர் கதவைத் திறப்பார்கள்.

இதையும் சொல்லுங்கள்: சின்னக் கம்பனி 16 தொடக்கம் 21 வயதுப் பிள்ளையை எடுத்தால் 2024 ஏப்ரலிலிருந்து பயிற்சிச் செலவு முழுக்க அரசுடையது. முந்தி 19 வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வீதம் நாங்கள் கட்ட வேண்டும். அதோடு 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட அப்ரண்டிஸுக்கு முதலாளி நஷனல் இன்சூரன்ஸ் கட்டத் தேவையில்லை, ஆகக் கூடிய சம்பளமாக இருந்தால் தவிர. இந்த இரண்டையும் அறியாத முதலாளிகள் நிறையப் பேர். நானும் போன வருடம்தான் அறிந்தேன்.

சிவா (லெஸ்டர்) | செவ்வாய் காலை 7.30

நிலாமதி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு 2018 ஜனவரி ஞாபகம் வந்தது. கரில்லியன் விழுந்த மாதம். 15ஆம் திகதி திங்கட்கிழமை. அது சின்னக் கம்பனி இல்லை, ஆஸ்பத்திரி, வீதி, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டுகிற பெரிய நிறுவனம். அதன் கீழே ஆயிரத்துக்கு மேல் அப்ரண்டிஸ்கள் இருந்தார்கள், தச்சு வேலை, மேசன் வேலை, பெயின்ட் என்று. ஸ்மெதிக்கில் மிட்லண்ட் மெற்றோபொலிட்டன் ஆஸ்பத்திரியைப் பாதியில் விட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாதிக் கட்டடம் நிற்பதைப் பார்ப்பேன். கடைசியில் அது திறந்தது 2024 ஒக்டோபரில்.

கட்டடத்தை ஆறேழு வருடம் கழித்தும் முடிக்கலாம். 17 வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்தி வைக்க ஏலாது. அப்போது கட்டுமானப் பயிற்சிச் சபையான சிஐடிபி இறங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி தேடியது. நிறையப் பேருக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஆயிரம் பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தால் தொலைக்காட்சி வரும், அமைச்சர் வருவார். பதினாலு பேர் கம்பனியில் ஒரு பிள்ளை வந்தால் அவனுடைய அம்மா மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கும் அதே வேகத்தில் ஒருவர் போன் எடுக்க வேண்டும்.

வாசுகி (மில்டன் கீன்ஸ்) | செவ்வாய் மாலை 5.50

ஒரு கேள்வி. இந்த 75 விழுக்காட்டுக் கோட்டை எடுத்துவிட்டால் என்ன? எந்த மாதத்தில் வேலை போனாலும் அரசு முடித்துக் கொடுக்கும் என்று சொல்லிவிட்டால் நிலாமதிக்கு இந்தத் தவிப்பு வந்திருக்காதே. இரண்டரை மாதத்தில் ஒரு பையனின் வாழ்க்கையை அளப்பது சரியாகத் தெரியவில்லை.

மாறன் | செவ்வாய் இரவு 8.15

வாசுகி, நானும் பல தடவை அப்படி நினைத்திருக்கிறேன். கோட்டைத் தளர்த்த வேண்டும் என்பதே என் எண்ணம். பாதி தாண்டியவர்களுக்காவது அந்தப் பாதுகாப்பு வர வேண்டும். ஆனால் கோட்டை எடுத்தால் மட்டும் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

கல்லூரிப் பட்டறையில் இருக்கும் சுவர் பிளைவுட். புது வயர், புது போர்ட், கரண்ட் வரும் வழி எனக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். 1970களில் கட்டிய ஃபிளாட்டில் மூன்று பேர் மூன்று காலத்தில் மாற்றி மாற்றிப் போட்ட வயரிங்கைத் திறந்து பார்க்கும்போதுதான் தொழில் வரும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அங்கே யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவத்தைப் பட்டறையில் கொடுக்க என்னால் முடியாது. கடைசித் தேர்வான ஏஎம்2எஸ் அறையில் அது உடனே தெரிந்துவிடும். பழுது கண்டுபிடிக்கும் பகுதியில் சைட் பார்த்தவன் கை வேறு மாதிரி இருக்கும்.

அதனால் பணம் கல்லூரிக்கு மட்டும் போனால் சான்றிதழ் வரும், எலக்ட்ரீஷியன் வரமாட்டான். பணம் அடுத்த முதலாளிக்கும் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி ஒன்று செய்தார்கள். ‘அடாப்ட் அன் அப்ரண்டிஸ்’ என்று பெயர். வேலை போன அப்ரண்டிஸை எடுத்து மிச்சப் பயிற்சியை முடிக்க வைக்கும் முதலாளிக்கு ஒரு தொகை. கோவிட் வந்தபோது அதை 5,000 பவுண்டாக உயர்த்தினார்கள். கருத்து எவ்வளவு எளிது பாருங்கள். ‘புதிதாகச் சேர்’ என்று சொல்லாமல் ‘பாதியில் நிற்பவனை முடித்து விடு’ என்று சொல்கிறார்கள்.

இங்கிலாந்திலும் 2020 ஆகஸ்டில் ஊக்கத்தொகை கொடுத்தார்கள், 25 வயதுக்குக் கீழே 2,000 பவுண்டு, மேலே 1,500. பிறகு 2021இல் எல்லா வயதுக்கும் 3,000 ஆனது. வேலை இழந்த அப்ரண்டிஸை எடுத்தாலும் அது கிடைத்தது. 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போது 16 முதல் 18 வயதுக்காரரைச் சேர்த்தால் 1,000 பவுண்டு இருக்கிறது. நிலாமதி அம்மா மகன் போல 19இல் பாதியில் நிற்பவனை எடுக்கச் சொல்லி முதலாளிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஈசன் | செவ்வாய் இரவு 9.40

மாறன் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காசை எடுத்த கையோடு கொடுக்கக் கூடாது. பிள்ளை தேர்வு எழுதி முடித்த பிறகு பெரும் பங்கைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதம் வைத்திருந்து அனுப்புகிற ஆட்களும் வருவார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் நல்லவர் இல்லை.

வாசுகி | புதன் காலை 8.00

புரிகிறது மாறன். நான் பணத்தை மட்டும்தான் யோசித்தேன், சைட்டை யோசிக்கவில்லை. ஆனால் அரசு எப்போதும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தானே பேசுகிறது? முடித்தவர்கள் கணக்கை யார் பேசுகிறார்கள்?

கயல் | புதன் மதியம் 12.45

அதுதான் வாசுகி அக்கா விஷயமே. 2015-16இல் இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள். 2017 ஏப்ரலில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான லெவி என்ற வரி வந்தது. சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் கம்பெனிகள் அரை விழுக்காடு கட்டுகின்றன. அதற்குப் பிறகு சேர்க்கை குறைந்து, 2023-24இல் சுமார் 3,40,000. இந்த எண்ணை எப்படி ஏற்றுவது என்றுதான் எல்லாக் கட்சியும் பேசுகிறது. அதே வருடம் பயிற்சியை விட்டு வெளியேறியவர்களில் முழுதாக முடித்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் அளவுதான். மீதி நாற்பது பேரில் வேலையை விட்டவர்கள், பிடிக்காமல் போனவர்கள், வேலை போனவர்கள் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். சேர்க்கையைக் கூட்ட ஒரு பவுண்டு போட்டால், பாதியில் நிற்பவனை முடிக்க வைக்கவும் கொஞ்சம் போடலாம் இல்லையா? அவனுக்கு ஏற்கெனவே இரண்டு வருடச் செலவு செய்தாகிவிட்டதே.

சட்டப் பக்கம் ஒன்று சொல்கிறேன், எனக்கு இது எப்போதும் உறுத்தும். பழைய முறையில் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. 1970இல் டங்க் என்ற பையனின் வழக்கு அப்பீல் கோர்ட்டுக்குப் போனது. பாதியில் வெளியே அனுப்பிய முதலாளி மிச்சக் காலச் சம்பளத்தோடு, பயிற்சி போனதற்கும் எதிர்கால வாய்ப்பு குறைந்ததற்கும் சேர்த்து இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு. 2009இல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்துக்குப் பிறகான ஒப்பந்தங்கள் சாதாரண வேலை ஒப்பந்தம் போலத்தான் பார்க்கப்படும் என்று எழுதிவிட்டார்கள். முதலாளிக்கு எளிதானது, பையனுக்கு அந்தப் பிடி போனது. பிடியை எடுத்தால் அதற்குப் பதிலாக அரசு ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னும் பழைய காலத்தில், லண்டன் கில்டுகள் என்ற தொழில் சங்கங்களில், குரு இறந்துபோனால் சீடனை அதே தொழில் செய்யும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். மிச்ச வருடங்களை அங்கே கழிப்பான். கில்டு பதிவேட்டில் அதையும் எழுதுவார்கள்.

அம்பத்தூர் ரவி (ஸ்லௌ) | புதன் இரவு 10.10

கயல் சொன்ன அந்த ஒப்படைப்பு நம் ஊர்ச் சட்டத்திலும் இருக்கிறது. நான் அம்பத்தூரில் ஐடிஐ முடித்து ஆக்ட் அப்ரண்டிஸாக இருந்தவன். இந்தியாவின் 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம், ஐந்தாவது பிரிவு. முதலாளியால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியவில்லை என்றால், அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதலோடு வேறொரு முதலாளி மிச்சக் காலத்துக்கு அதே ஒப்பந்தத்தை ஏற்கலாம். நான் இருந்த ஆலையில் ஒரு பட்டறைப் பிரிவை மூடியபோது எங்கள் பயிற்சியாளர் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு வேறு ஆலை கிடைத்தது. எழுதி வைத்திருந்ததால் கேட்க முடிந்தது.

நிலாமதி அம்மா, மகனை ஃபிளெக்ஸி-ஜாப் ஏஜென்சிகளிலும் பதியச் சொல்லுங்கள். அவர்களே முதலாளியாக இருந்து பையனைப் பல கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். ஒரு கம்பெனி மூடினாலும் அவன் ஏஜென்சியின் ஆள், தெருவுக்கு வரமாட்டான். என் அக்கா மகன் அப்படித்தான் இருக்கிறான். கவுன்சில் பராமரிப்புப் பிரிவு, ஆஸ்பத்திரிக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு, ஹவுசிங் அசோசியேஷன் இவற்றையும் விடாதீர்கள்.

நிலாமதி | ஞாயிறு இரவு 9.30

எல்லோருக்கும் ஒரு சேதி.

ஈசன் அண்ணா சொன்னபடி வாட்ஸப் குழுவைத் தேடினான். 340 படம். இரண்டு இரவு இருந்து ஒவ்வொன்றாகத் திகதி பார்த்து அடுக்கினான். சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுபோனேன், அறைக்குப் போய்க் கூப்பிடவில்லை, தானே வெளியே வந்து மேசையில் இருந்து செய்தான். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அவனுடைய மேற்பார்வையாளர் போலந்துக்காரர். போன் எடுத்ததும் நான் வருகிறேன் என்றார். நேற்று மத்தியானம் வந்தார். நான் வடையும் தேநீரும் வைத்தேன். மகன் ஒரு படத்தைக் காட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, இது எட்ஜ்வேர் பள்ளிக்கூடம், நீ மூன்றாம் போர்டை டெஸ்ட் செய்தாய், ஒரு சேர்க்கிட்டில் இன்சுலேஷன் அளவு குறைவாக வந்தது, நாள் முழுக்கத் தேடினோம், சீலிங்குக்குள் ஒரு ஸ்க்ரூ கம்பியில் ஏறியிருந்தது என்றார். மகன் சிரித்தான். ஒரு கிழமைக்குப் பிறகு அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். இரண்டரை மணித்தியாலம் இருந்து 41 வேலைக்குக் கையெழுத்து வைத்தார். தனக்கும் வேலை இல்லை, ஆனாலும் போகும்போது இவனுடைய தோளில் தட்டி, நீ விடாதே என்றார்.

பிறகு அவன் வாசலடியில் கிடந்த பெட்டியை எடுத்துத் திறந்து, கருவிகளைத் துடைத்து அடுக்கினான்.

மாறன் | ஞாயிறு இரவு 10.05

அம்மா, அந்த இன்சுலேஷன் விஷயத்தை அவன் வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். என்ன அளவு வந்தது, எப்படிப் பிரித்துப் பிரித்துத் தேடினார்கள், கடைசியில் எப்படித் தெரிந்தது என்று. பத்துப் படத்துக்குச் சமம் அது. புது முதலாளியிடமும் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.

நிலாமதி | ஐந்து வாரம் கழித்து, வியாழன் இரவு 8.20

வேலை கிடைத்துவிட்டது!

23 இடம் எழுதினோம். பதினொரு பேர் பதில் போடவே இல்லை. ஏழு பேர் முதல் வருடப் பிள்ளைதான் வேண்டும் என்றார்கள், மாறன் அண்ணா சொன்ன அந்த 1,000 பவுண் காரணமாக இருக்கலாம். ஒருவர் அப்ரண்டிஸ் வேண்டாம், உதவியாளாக வா, படிப்பை விடு என்றார். காசு கொஞ்சம் கூடத் தருவதாகச் சொன்னார். மகன் ஒரு இரவு யோசித்து வேண்டாம் என்றான்.

கடைசியில் வட்ஃபர்ட் பக்கம் ஒன்பது பேர் உள்ள கம்பனி. கடதாசி எல்லாம் கல்லூரி பார்க்கும், பயிற்சிக்கு உங்களுக்குச் செலவில்லை என்று ஈசன் அண்ணா சொன்னதை முதல் வரியிலேயே எழுதினோம். அவர் அதைப் படித்துத்தான் கூப்பிட்டாராம்.

நேர்முகம் பற்றி அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அந்த முதலாளி ஒன்றும் கேட்கவில்லையாம். பட்டறையில் ஒரு போர்டைக் காட்டி, இந்தச் சேர்க்கிட்டில் நான் கை வைக்கலாமா, பார்த்துச் சொல் என்றாராம். இவன் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் பொக்கெட்டில் போட்டு, அட்டை தொங்கவிட்டான். பிறகு டெஸ்டரை எடுத்து, முதலில் அது வேலை செய்கிறதா என்று புரூவிங் யூனிட்டில் பார்த்தான். கம்பிகளில் வைத்துப் பார்த்தான், கரண்ட் இல்லை. உடனே சொல்லாமல் திரும்பவும் டெஸ்டரைப் புரூவிங் யூனிட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், இப்போது வைக்கலாம் என்றான். அந்த மூன்றாவது தடவையை நிறையப் பேர் மறப்பார்கள், யார் பழக்கினது என்று அவர் கேட்டாராம். இவன் போலந்துக்காரரின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவருடைய நம்பரைத் தா, எனக்கு ஒரு எலக்ட்ரீஷியனும் தேவை என்றாராம்.

இரண்டு பேரும் திங்கட்கிழமை தொடங்குகிறார்கள். 12 வாரத்தில் ஏழாவது வாரம் இது. கயல், இன்சால்வென்சி காசும் வந்துவிட்டது.

ஈசன் | வியாழன் இரவு 8.45

தங்கச்சி, கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். புதுப் பயிற்சித் திட்டத்தில் பழைய 29 மாதமும் ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துப் போட முதல் பாருங்கள்.

புதியவர்_பிரைட்டன் | சனி இரவு 11.55

வணக்கம், இந்த இழையை இப்போதுதான் கண்டுபிடித்தேன். என் தம்பி பிளம்பிங் அப்ரண்டிஸ், ஒன்பது மாதம்தான் ஆகிறது. நேற்று வேலை போய்விட்டது. ஒன்பது மாதம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

நிலாமதி | ஞாயிறு அதிகாலை 12.10

பிள்ளை, நான் இன்னும் முழித்துத்தான் இருக்கிறேன். ஒன்பது மாதமென்றாலும் 12 வாரம் உண்டு, அது வேலை போன நாளிலிருந்து ஓடுகிறது. கல்லூரிக்கு இப்போதே மின்னஞ்சல் போடுங்கள், விடியும்வரை இருக்க வேண்டாம். வேலை போன திகதியை எழுத மறக்காதீர்கள். தம்பியின் போனில் சைற் வாட்ஸப் குழு இன்னும் இருக்கிறதா? அவனோடு நின்று வேலை பழக்கினவருடைய நம்பர் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.